ஷெங்கன் விசா யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

பாரிசில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரிலிருந்து மாமா, கோலாலம்பூரிலிருந்து சித்தி, சென்னையிலிருந்து அத்தை, யாழ்ப்பாணத்திலிருந்து பாட்டி, லண்டனிலிருந்து அண்ணன், புதுச்சேரியிலிருந்து பெரியப்பா என்று ஆளுக்கொரு திசையிலிருந்து வருகிறார்கள். எல்லோரும் ஒரே மண்டபத்துக்குத்தான் வருகிறார்கள். தங்கப்போவதும் ஒரே வாரம்தான். ஆனால் மாமாவும் சித்தியும் டிக்கெட் போட்டுவிட்டு நேராக விமானம் ஏறலாம். அத்தையும் பாட்டியும் சில மாதங்களுக்கு முன்பே விசா வேலையை ஆரம்பித்தாக வேண்டும். புதுச்சேரிப் பெரியப்பா பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் என்றால் அவருக்கு விசாப் பேச்சே கிடையாது. 1962இல் புதுச்சேரி முறைப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் அங்கே இன்றும் உண்டு. லண்டன் அண்ணனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அவர் கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேட்க வேண்டும்.

பிரான்ஸ் உட்பட 29 ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசாதான் ஷெங்கன் விசா. அது வேண்டுமா வேண்டாமா என்பதை முதலில் தீர்மானிப்பது பாஸ்போர்ட்தான். ஒருவர் எங்கே பிறந்தார், எந்த ஊரில் எத்தனை வருடமாக வேலை பார்க்கிறார், எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருக்கும் ஒரு இந்தியர், சிங்கப்பூர்க் குடிமகனோடு ஒரே அலுவலகத்தில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பார். ஐரோப்பா போக வேண்டும் என்றால் ஒருவருக்கு விசா வேண்டும், மற்றவருக்கு வேண்டாம். துபாயிலும் அதே கதைதான். ஐக்கிய அரபு அமீரகத்தின் குடிமக்களுக்கு 2015 முதல் ஷெங்கன் விசா விலக்கு உண்டு. அங்கே இருபது வருடம் வேலை செய்த நம்மூர்க்காரருக்கு அது பொருந்தாது. நிரந்தரவாசி அட்டையோ வேலை விசாவோ இருந்தால், தான் வாழும் ஊரிலேயே ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வசதி மட்டும்தான் கூடுதல்.

ஷெங்கன் என்பது எது

லக்சம்பர்க் நாட்டில், மோசெல் ஆற்றங்கரையில், பிரான்சும் ஜெர்மனியும் வந்து தொடும் மூலையில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் பெயர் ஷெங்கன். பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனி, லக்சம்பர்க், நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் 1985 ஜூன் 14 அன்று அங்கே ஒரு படகில் வைத்து ஒப்பந்தம் போட்டன. தங்களுக்கிடையே உள்ள எல்லைகளில் சோதனையை எடுத்துவிடுவது, வெளி எல்லையைச் சேர்ந்து காப்பது என்பது அதன் சாரம். நடைமுறைக்கு வர பத்து வருடம் பிடித்தது. 1995 மார்ச்சில்தான் உள் எல்லைச் சோதனைகள் உண்மையிலேயே நின்றன.

இப்போது இதில் 29 நாடுகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 உறுப்பு நாடுகளில் 25ம், ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகிய நான்கும் சேர்ந்தது அந்தக் கணக்கு. குரோஷியா 2023 ஜனவரியில் சேர்ந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாக உள்ளே வந்தன. அயர்லாந்தும் சைப்ரசும் ஒன்றியத்தில் இருந்தும் ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்த காலத்திலும் ஷெங்கனில் சேரவில்லை.

ஆகவே “ஐரோப்பா விசா” என்று ஒன்று கிடையாது. ஷெங்கன் விசாவோடு லண்டனுக்கோ டப்ளினுக்கோ போக முடியாது. பிரான்சின் ஒரு பகுதியே ஆனாலும், தமிழ் வம்சாவளியினர் நிறையப் பேர் வாழும் ரியூனியன் தீவு ஷெங்கனுக்குள் வராது. பாரிசுக்குக் கொடுத்த விசாவை நம்பி அங்கே கிளம்பிவிடக் கூடாது. தனியாக விசாரிக்க வேண்டும்.

இரண்டு பட்டியல்கள்

எந்த நாட்டவருக்கு விசா வேண்டும் என்பதை 29 நாடுகளும் தனித்தனியாக முடிவு செய்வதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/1806 என்ற எண்ணுள்ள சட்டத்தில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. முதல் பட்டியலில் உள்ள நாட்டவர் விசா எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும். 100க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உண்டு. இந்தியாவும் இலங்கையும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டாவது பட்டியலில் சுமார் 60 நாடுகள். சிங்கப்பூர், மலேசியா, மொரீஷியஸ், ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா, பிரேசில், பிரிட்டன் எல்லாம் அதில் வரும். இவர்கள் குறுகிய காலப் பயணத்துக்கு விசா இல்லாமல் வரலாம்.

ஒரு நாட்டை எந்தப் பட்டியலில் வைப்பது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? அந்த நாட்டிலிருந்து வருபவர்களில் எத்தனை பேர் கெடு தாண்டித் தங்கிவிடுகிறார்கள், பாதுகாப்புச் சிக்கல் ஏதும் உண்டா, சுற்றுலாவும் வணிகமும் எவ்வளவு நடக்கிறது, அந்த நாடு ஐரோப்பியர்களை எப்படி நடத்துகிறது என்று பலவற்றைப் பார்க்கிறார்கள். தனி மனிதரின் நடத்தை இந்தக் கட்டத்தில் கணக்கிலேயே வராது. ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பும் சென்னை அத்தைக்கு இது நியாயமாகப் படாது. எனக்கும் படவில்லை. ஆனால் விசா முறையின் அடித்தளமே இதுதான் என்பதைத் தெரிந்துகொண்டால், ‘என்னை ஏன் சந்தேகப்படுகிறார்கள்’ என்ற வருத்தமாவது கொஞ்சம் குறையும்.

பட்டியலில் ஒருமுறை இடம் கிடைத்தால் அது நிரந்தரம் என்று நினைக்க வேண்டாம். பசிபிக் தீவு நாடான வனுவாட்டு, முதலீடு செய்தவர்களுக்கெல்லாம் குடியுரிமை கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் விசா விலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் நிறுத்திவைத்து, 2024 டிசம்பரில் அடியோடு ரத்து செய்தது. எதிர்த்திசையில் போனது கொசோவோ: 2024 ஜனவரி 1 முதல் அதன் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. எனவே சொந்தக்காரர் மூன்று வருடம் முன்னால் போன அனுபவத்தை வைத்து முடிவெடுக்காமல், போகப்போகும் நாட்டின் தூதரக இணையதளத்தைப் பயணத்துக்கு முன் ஒருமுறை பார்ப்பதுதான் சரி.

சாதாரண பாஸ்போர்ட்டைத் தாண்டிய விலக்குகளும் உண்டு. தூதரக அதிகாரிகளின் பாஸ்போர்ட், அரசுப் பணிக்கான பாஸ்போர்ட், விமானப் பணியாளர்கள், கப்பல் பணியாளர்கள் ஆகியோருக்கு உறுப்பு நாடுகள் தாங்களாகவே விலக்கு கொடுக்கலாம். ஒரு ஷெங்கன் நாட்டின் வசிப்பு அட்டை வைத்திருப்பவருக்கு மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போக விசா வேண்டாம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பெண் தன் இந்தியப் பாஸ்போர்ட்டும் ஜெர்மன் வசிப்பு அட்டையும் கையில் இருந்தால் பாரிஸ் கல்யாணத்துக்குத் தாராளமாக வரலாம். லண்டன் அண்ணனிடம் இந்தியப் பாஸ்போர்ட்டும் பிரிட்டிஷ் வசிப்பு உரிமையும் இருந்தால் அவருக்கு இந்தச் சலுகை இல்லை. பிரிட்டன் ஷெங்கன் நாடு அல்லவே. அவர் லண்டனிலேயே ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டே வாங்கிவிட்டார் என்றால் விசா வேண்டாம். ஆனால் 2021 முதல் அவரும் வெளிநாட்டவர்தான். கீழே சொல்லப்போகும் 90 நாள் கணக்கு அவருக்கும் பொருந்தும்.

விலக்கு எதிலிருந்து விலக்கு?

புதிதாகப் பயணம் போகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். விசா தேவையில்லை என்றால், முன்கூட்டியே விண்ணப்பித்து ஸ்டிக்கர் வாங்கும் வேலை இல்லை என்று மட்டுமே பொருள். உள்ளே நுழைவதற்கான நிபந்தனைகள் விசா உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். பாஸ்போர்ட் கடைசி பத்து வருடத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து இன்னும் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். எதற்காக வருகிறீர்கள், எங்கே தங்குவீர்கள், செலவுக்கு என்ன செய்வீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று எல்லை அதிகாரி கேட்டால் பதில் இருக்க வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டவர்களின் பதிவு இருக்கும் ஷெங்கன் தகவல் அமைப்பில் உங்கள் பெயர் இருக்கக் கூடாது.

சிங்கப்பூர் மாமாவிடம் இதையெல்லாம் விமான நிலையத்தில் கேட்பார்கள், அல்லது கேட்காமலே விட்டுவிடுவார்கள். சென்னை அத்தையிடம் தூதரகமே முன்கூட்டிக் கேட்டுவிடுகிறது. அதற்காக அத்தை கையில் விசா இருந்தால் போதும், கட்டாயம் உள்ளே விடுவார்கள் என்று உறுதி கிடையாது. கடைசி முடிவு எல்லை அதிகாரியுடையது. அதனால்தான் தங்குமிட ரசீது, திரும்பும் டிக்கெட், காப்பீட்டுத் தாள், அழைப்புக் கடிதம் எல்லாவற்றையும் கைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பெரிய பெட்டியில் போட்டுச் செக்-இன் செய்துவிட்டால், கேட்கும்போது எடுத்துக் காட்ட முடியாது.

இதே சோதனையின் முதல் கட்டம் சென்னை விமான நிலையத்திலேயே நடந்துவிடுகிறது. போர்டிங் பாஸ் கொடுக்கும் ஊழியர் விசாவைப் புரட்டிப் பார்ப்பது சும்மா இல்லை. உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனத்துக்கு ஒரு ஆளுக்கு ஆயிரக்கணக்கான யூரோ அபராதம் விழும். திருப்பி அழைத்துவரும் பொறுப்பும் அவர்களுடையதுதான். எந்த நாட்டுக்கு என்ன ஆவணம் வேண்டும் என்று தெரிந்துகொள்ள அவர்கள் டைமாடிக் என்ற தகவல் தளத்தைப் பார்க்கிறார்கள். அங்கே ‘கூடாது’ என்று வந்தால் கவுண்டரில் எவ்வளவு வாதாடினாலும் பயன் இருக்காது.

குறுகிய கால விசாவோ விலக்கோ, இரண்டுமே சுற்றுலா, உறவினரைப் பார்ப்பது, வணிகச் சந்திப்பு, மாநாடு போன்றவற்றுக்குத்தான். அங்கே போய்ச் சம்பளத்துக்கு வேலை பார்க்க அவை உரிமை தராது. விசா விலக்கு உள்ள நாட்டவரே ஆனாலும், சம்பள வேலைக்கு வந்தால் விசா கேட்கும் உரிமை ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் படிக்கவோ வேலை செய்யவோ போகிறவர்கள் அந்தந்த நாடு தன் சொந்தச் சட்டப்படி தரும் ‘டி’ வகை விசாவை எடுக்க வேண்டும். அது வேறு உலகம்.

90 நாள், 180 நாள்

எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும், அதற்குள் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் பகுதியில் இருக்கக் கூடாது. 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. நுழையும் நாளும் ஒரு நாள், கிளம்பும் நாளும் ஒரு நாள்.

‘ஆறு மாதத்துக்கு மூன்று மாதம்’ என்று மேலோட்டமாகப் புரிந்துகொண்டு, ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு கணக்கு, ஜூலையில் புதுக் கணக்கு என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படிக் கிடையாது. 180 நாள் அகலமுள்ள, படத்துக்குப் போடுவது போன்ற ஒரு சட்டத்தை நாட்காட்டியின் மேல் வைத்து, தினமும் ஒரு நாள் முன்னால் நகர்த்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் வலது ஓரம் எப்போதும் இன்றைய தேதியில் இருக்கும். அதற்குள் விழும் தங்கல் நாட்களை எண்ண வேண்டும்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ள லண்டன் அண்ணன் மார்ச் 1 அன்று பாரிஸ் வந்து ஏப்ரல் 29 வரை இருந்தார் என்று கொள்வோம். 60 நாள் ஆயிற்று. ஜூலை 1 அன்று மறுபடி வருகிறார். அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ணினால் ஜனவரி 3 வரை போகும். பழைய 60 நாளும் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மீதி 30 நாள்தான். ஜூலை 30 அன்று கிளம்பியாக வேண்டும். அதற்கப்புறம் எப்போது வரலாம்? மார்ச் 1 என்ற நாள் சட்டத்தை விட்டு வெளியே விழுவது ஆகஸ்ட் 28 அன்று. அன்று முதல் தினமும் ஒரு பழைய நாள் கழன்றுகொண்டே போகும். அவருக்கும் தினமும் ஒரு நாள் கிடைத்துக்கொண்டே வரும். இதைக் கையால் கணக்குப் போட வேண்டாம் என்று ஐரோப்பிய ஆணையம் தன் இணையதளத்தில் ஒரு கணிப்பானே வைத்திருக்கிறது.

முன்பெல்லாம் இந்தக் கணக்கை அதிகாரிகள் பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைகளைப் பார்த்துப் போடுவார்கள். 2025 அக்டோபர் 12 அன்று நுழைவு–வெளியேற்றப் பதிவு முறை தொடங்கியது. முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் கணினியில் பதிவாகின்றன. விசா விலக்கு உள்ளவர்களிடம் எல்லையிலேயே கைரேகை எடுக்கிறார்கள். 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கைரேகை கிடையாது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால்கூடக் கணினி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

விசா எடுப்பவர்களுக்கு

சென்னை அத்தையிடம் வருவோம். எந்தத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதிக நாள் தங்கப்போகும் நாடு எதுவோ அங்கே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாடுகளில் சமமான நாட்கள் என்றால் முதலில் காலடி வைக்கும் நாடு. ‘அந்த நாட்டில் விசா சுலபமாகக் கிடைக்கும்’ என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி, தங்காத ஊருக்கு விண்ணப்பித்துவிட்டு வேறு ஊரில் போய் இருப்பவர்கள் உண்டு. எல்லையில் பயணத்திட்டத்தைக் கேட்டால் அது வெளியே வந்துவிடும். விசாவை ரத்து செய்யவும் அதுவே காரணமாகலாம்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் முன்பு. விண்ணப்பத்தை ஏற்ற பிறகு 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை நீளலாம். இவை எல்லாம் காகிதத்தில். கோடை விடுமுறைக் காலத்தில் நேர்காணல் தேதி கிடைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். ஜூனில் கல்யாணம் என்றால் பிப்ரவரி, மார்ச்சிலேயே வேலையை ஆரம்பிப்பது நல்லது.

2024 ஜூன் 11 முதல் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குள் இலவசம். விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்ப வராது. விஎஃப்எஸ், பிஎல்எஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் சேவைக்குத் தனியாக வாங்குவார்கள். இந்த நிறுவனங்கள் காகிதங்களை வாங்கி, கைரேகை எடுத்து, தூதரகத்துக்கு அனுப்பிவைப்பவை மட்டுமே. விசா கொடுப்பதும் மறுப்பதும் தூதரகத்தின் வேலை. ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்று பணம் கேட்பவரை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டில் இரண்டு காலிப் பக்கங்கள் வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதும் செல்லுபடியாகும்படி எடுக்க வேண்டும். தங்குமிட முன்பதிவு, விமான முன்பதிவு, வங்கி ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, அலுவலகத்தில் வாங்கிய விடுப்புக் கடிதம் ஆகியவை வழக்கமானவை. விசா வருவதற்கு முன் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை வாங்கிவிடாதீர்கள். உறவினர் வீட்டில் தங்குவதானால் பிரான்சில் அந்த உறவினர் தன் ஊர் நகராட்சியில் போய் வரவேற்புச் சான்று ஒன்றை வாங்கி அனுப்ப வேண்டும். நினைத்த நாளில் கிடைத்துவிடாது. யாழ்ப்பாணத்துப் பாட்டியை அழைக்கும் பேரன் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

இத்தனை காகிதமும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கேட்கப்படுகிறது: இவர் திரும்பி வருவாரா? வேலை, சொந்த வீடு, படிக்கும் பிள்ளைகள், பார்த்துக்கொள்ள வேண்டிய பெற்றோர் என்று ஊரில் உங்களைப் பிடித்து நிறுத்தும் விஷயம் எது என்பதை அதிகாரி தேடுகிறார். ஆகவே விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில் அதைப் பளிச்சென்று சொல்லிவிடுவது நல்லது. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் யாரிடமாவது கைமாற்று வாங்கி ஐந்து லட்சத்தைக் கணக்கில் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். மாதாமாதம் முப்பதாயிரம் வரவு இருக்கும் கணக்கில் திடீரென்று வந்து விழும் தொகை, நம்பிக்கையைக் கூட்டாது, சந்தேகத்தைத்தான் கூட்டும். போலி ஆவணம் அதைவிட மோசம். ஒருமுறை பிடிபட்டால் அடுத்த விண்ணப்பம் ஒவ்வொன்றின் மேலும் அதன் நிழல் விழும்.

விசா கிடைத்ததும் ஸ்டிக்கரைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இத்தனாம் தேதியிலிருந்து இத்தனாம் தேதி வரை என்று ஒரு காலம் இருக்கும். அதற்குக் கீழே எத்தனை நாள் தங்கலாம் என்று ஓர் எண் இருக்கும். இரண்டும் வேறு வேறு. பத்து நாள் பயணத்துக்குக் கொடுத்த விசாவில் செல்லுபடிக் காலம் 25 நாளாக இருக்கும். பயணம் தள்ளிப்போனால் உதவட்டும் என்று 15 நாள் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். தங்குவதற்கு அனுமதி பத்து நாள்தான். அடுத்து, எத்தனை முறை நுழையலாம் என்ற இடம். 01 என்றிருந்தால் ஒருமுறைதான். அத்தை பாரிசில் கல்யாணம் முடிந்து, ரயிலேறி லண்டன் போய், அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் வழியாக ஊர் திரும்ப நினைத்தால், லண்டனுக்குக் கிளம்பியபோதே அந்த ஒருமுறை தீர்ந்துவிட்டது. லண்டனுக்குத் தனியாகப் பிரிட்டிஷ் விசா எடுத்திருந்தாலும் ஆம்ஸ்டர்டாமுக்குள் மறுபடி நுழைய முடியாது. இந்த மாதிரித் திட்டம் இருந்தால் விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேட்க வேண்டும். அப்போது அந்த இடத்தில் ‘மல்ட்’ என்று அச்சாகி வரும்.

இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு நல்ல மாற்றம் வந்தது. கடந்த மூன்று வருடத்துக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களை வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு, இந்தியாவில் வசித்தபடி விண்ணப்பித்தால் இரண்டு வருடத்துக்குப் பலமுறை நுழைவு விசா தரலாம். அதற்கு அடுத்தது ஐந்து வருட விசா. பாஸ்போர்ட்டில் அந்தளவு காலம் மீதி இருக்க வேண்டும். ஐந்து வருட விசா என்றாலும் 90/180 கணக்கு மாறாது.

ஷெங்கனுக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பொதுவாகச் சோதனை இருக்காது. ஆனால் பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். தற்காலிகச் சோதனை வைக்க உறுப்பு நாடுகளுக்கு உரிமை உண்டு. ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் எல்லா நில எல்லைகளிலும் அதைத் தொடங்கியது.

விமானம் மாறுவதற்கும் விசா

ஐரோப்பா போகவே போகாமல், அங்கே விமானம் மட்டும் மாறுபவர்களுக்கும் சில நேரம் விசா வேண்டும். விமான நிலையத்தின் சர்வதேசப் பகுதியை விட்டு வெளியே வராமல் விமானம் மாறவே ‘ஏ’ வகை விசா தேவைப்படும் 12 நாடுகளின் பொதுப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இலங்கை இருக்கிறது. இந்தியா அந்தப் பொதுப் பட்டியலில் இல்லை. ஆனால் உறுப்பு நாடுகள் தங்கள் விமான நிலையங்களுக்கு மட்டும் வேறு நாடுகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால், எந்த ஊரில் மாறுகிறோம் என்று பார்த்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க, கனடிய அல்லது ஜப்பானிய விசா வைத்திருப்பவருக்கு இந்த ‘ஏ’ விசாவிலிருந்து விலக்கு உண்டு. எனவே கொழும்பிலிருந்து ஃபிராங்ஃபர்ட் வழியாகக் கனடிய விசாவோடு டொரோண்டோ போகும் பாட்டிக்குச் சிக்கல் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. கொழும்பு–ஃபிராங்ஃபர்ட்–பாரிஸ்–டொரோண்டோ என்று இரண்டு ஷெங்கன் விமான நிலையங்கள் வழியாக டிக்கெட் விழுந்தால் கதை மாறிவிடும். ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து பாரிசுக்குப் போவது உள்நாட்டுப் பயணம் மாதிரி. அதற்கு எல்லைச் சோதனையைத் தாண்டி ஷெங்கனுக்குள் நுழைந்தாக வேண்டும். அப்போது முழுக் குறுகிய கால விசாவே தேவை. டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று இந்த மாதிரி வழியைத் தேர்ந்துவிடாதீர்கள், முக்கியமாக வயதானவர்களைத் தனியே அனுப்பும்போது.

விலக்குக்கும் முன்பதிவு வரப்போகிறது

சிங்கப்பூர் மாமாவும் மலேசியச் சித்தியும் இனி ஒரு சின்ன வேலை செய்ய வேண்டியிருக்கும். எட்டியாஸ் என்ற முன்பதிவு முறையை 2026 கடைசி காலாண்டில் தொடங்கப்போவதாக ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்தது. விசா விலக்கு உள்ளவர்கள் பயணத்துக்கு முன் இணையத்தில் விவரம் கொடுத்து 20 யூரோ கட்டி அனுமதி வாங்க வேண்டும். அது மூன்று வருடம், அல்லது பாஸ்போர்ட் காலாவதியாகும் வரை செல்லும். 18 வயதுக்குக் குறைந்தவர்களும் 70 வயதைத் தாண்டியவர்களும் பணம் கட்ட வேண்டாம். விண்ணப்பம் மட்டும் போட வேண்டும். அமெரிக்காவின் எஸ்டா, பிரிட்டனின் ஈடிஏ எல்லாம் இதே வகைதான். விசா கட்டாயமான நாட்டவருக்கு எட்டியாசோடு எந்தத் தொடர்பும் இல்லை. எனவே இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவரிடம் ‘எட்டியாஸ் எடுத்துத் தருகிறேன், விசா வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் அது மோசடி.

மறுத்துவிட்டால்

விசா மறுக்கப்பட்டால் காரணம் குறிக்கப்பட்ட ஒரு படிவம் தருவார்கள். பலருக்கும் விழும் காரணம், ‘விசா முடிவதற்குள் நாட்டை விட்டுக் கிளம்பும் எண்ணம் உங்களுக்கு இருப்பதில் நியாயமான ஐயம் உள்ளது’ என்பதுதான். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் படிவத்தைக் கோபத்தில் கிழித்துப் போடாமல் பத்திரமாக வையுங்கள். மேல்முறையீடு எங்கே, எத்தனை நாளுக்குள் என்பது அதிலேயே இருக்கும். முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜெர்மனித் தூதரகங்களுக்கே மனு எழுதி மறுபரிசீலனை கேட்கும் பழைய வழி 2025 ஜூலை 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது புதிதாக விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் பெர்லினில் நீதிமன்றம் போகலாம்.

புதிதாக விண்ணப்பிக்கக் காத்திருக்கும் காலம் எதுவும் விதியில் இல்லை. முந்தைய மறுப்பு விசாத் தகவல் அமைப்பில் ஐந்து வருடம் இருக்கும் என்பதால் அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஒருமுறை மறுத்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் புதிய விண்ணப்பத்தைத் தானாகவே மறுக்கக் கூடாது என்று ஷெங்கன் விசாச் சட்டமே சொல்கிறது. படிவத்தில் குறித்த காரணம் எதுவோ அதற்கான ஆவணத்தைச் சேர்த்து, என்ன மாறியிருக்கிறது என்பதைக் கடிதத்தில் இரண்டு வரியில் எழுதி, மறுபடி கொடுங்கள்.